உடனே நிமிர்ந்துவிடும் புல்

காலை ஒன்பது பத்துக்கு அந்த வீடியோவை ஏழாவது முறையாக ஓட்டினேன். அதற்கு முன் ஆறு முறையும் லோரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது முறை புல்லைப் பார்த்தேன்.

வீடியோ மொத்தம் இருபத்திரண்டு விநாடி. கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகும் சாலை. கொள்கலன் ஏற்றிய ஒரு லோரி இடப்பக்கம் விலகி, தாரை விட்டு ஓரப் புல்லில் இறங்கி, அங்கே மெஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒருவரை இடித்து நிற்கிறது. சாலை, லோரி, மனிதர், புல் எல்லாமே எங்கள் அலுவலகத்தில் கணினியில் உண்டாக்கியவை. மனிதருக்கு முகம் கிடையாது. சாம்பல் நிறத்தில் ஒரு பொம்மை. இந்த மாதிரி வேலைகளில் முகம் வைப்பதில்லை. வைத்தால் பார்ப்பவர் மனம் இளகிவிடுமாம்.

நிஜத்தில் அவருக்கு முகம் இருக்கிறது. வலது கால்தான் முழங்காலுக்குக் கீழே இல்லை.

எங்கள் அலுவலகம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் இரண்டாவது மாடியில். பெரும்பாலும் சிறுவர் கார்ட்டூன்களும் விளம்பரங்களும் செய்கிறோம். அவ்வப்போது இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்காக, விபத்து எப்படி நடந்தது என்று காட்டும் படங்களும் செய்வதுண்டு. இந்தப் படம் லோரிக்காரர் பக்கத்து இன்சூரன்ஸுக்கு. இரண்டு தரப்பு வக்கீல்களும் உட்கார்ந்து தப்பு யார்மேல் எவ்வளவு என்று பேசி முடிக்கப்போகிற கூட்டத்தில் இதைத் திரையில் ஓட்டுவார்கள். புல் வெட்டியவர் மேலும் பாதித் தப்பு உண்டு, சாலையை ஒட்டி நின்றுகொண்டிருந்தார், லோரி ஓரத்தை லேசாகத் தொட்டதுதான் என்பது அவர்கள் வாதம். பாதித் தப்பு என்று முடிவானால் அவருக்குக் கிடைப்பதும் பாதிதான்.

போலீஸ்காரர் கையால் வரைந்த வரைபடம் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் சக்கரத் தடம் புல்லுக்குள் பதினான்கு மீட்டர் என்று எழுதியிருந்தது. மனிதர் நின்ற இடம் தாரின் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் முப்பது சென்டிமீட்டர் புல்லுக்குள். லோரியை நாங்கள் அந்தப் பதினான்கு மீட்டரிலும் சரியாகவே ஓட்டியிருந்தோம். சக்கரத்தின் விட்டம் சரி. வெயிலின் சாய்வு சரி. சாலையோரத்து வெள்ளைக் கோட்டின் அகலம் சரி. இவை மூன்றையும் அளந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தவள் நான். அன்றைய டைரியில் "புல் நன்றாக வந்திருக்கிறது" என்றும் எழுதிவைத்திருக்கிறேன்.

நன்றாகத்தான் வந்திருந்தது. சக்கரம் ஏறும்போது புல் மடங்கியது. சக்கரம் நகர்ந்ததும் பின்னாலேயே நிமிர்ந்தது. எந்த நொடியில் நிறுத்திப் பார்த்தாலும் சக்கரத்துக்கு அடியில் ஒரு சின்னக் குழி. பின்னால் ஒன்றும் நடக்காததுபோல் பச்சைப் புல். கடைசிக் காட்சியில் லோரி நிற்கிறது, பொம்மை கிடக்கிறது, லோரிக்குப் பின்னால் புல் ஆளில்லாத பூங்காவில் இருப்பதுபோல் நிமிர்ந்து காற்றில் ஆடுகிறது. பதினான்கு மீட்டரில் ஒரு மீட்டர்கூடக் கண்ணில் படவில்லை. பார்க்கிற யாருக்கும், லோரி புல்லைத் தொட்டும் தொடாமலும் போனதாகத்தான் தோன்றும்.

படத்தில் புல்லை வளைப்பது எப்படி என்று சொன்னால்தான் அடுத்தது புரியும். லட்சக்கணக்கான புல்லை ஒவ்வொன்றாக யாரும் அசைப்பதில்லை. சக்கரத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருண்டையை வைப்போம். அந்த உருண்டை எங்கே போகிறதோ அங்கே உள்ள புல் விலகிச் சாயும். உருண்டை போன வழியை, மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு கறுப்புப் படத்தில் கணினி வெள்ளையாகத் தீட்டிக்கொண்டே வரும். வெள்ளை இருக்கும் இடத்தில் புல் படுத்திருக்கும். வெள்ளை மங்க மங்க, புல் எழும். எவ்வளவு நேரத்தில் மங்க வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்பது பதினாறுக்கு அந்தக் கட்டத்தைத் திறந்தேன். 0.8 என்று இருந்தது. முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் கூட. அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு: "பூனை, பந்து. மாற்ற வேண்டாம்." குறிப்பை எழுதியவள் நான்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு சிறுவர் தொடரில் குண்டுப் பூனை ஒன்று பந்தைத் துரத்திக்கொண்டு புல்வெளியில் உருளும். புல் மெதுவாக எழுந்தபோது தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லை. நத்தை போன வழி மாதிரி இருக்கிறது என்றார். பன்னிரண்டு எண்களைப் போட்டுப் பார்த்து, 0.8இல் நிறுத்தினேன். பூனை போனதும் புல் துள்ளி எழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் புல்லை அலுவலகப் பொதுச் சேமிப்பில் போட்டு, யாரும் கெடுத்துவிடாதபடி அந்தக் குறிப்பையும் எழுதிவைத்தேன். கிள்ளான் சாலையைச் செய்த, கூட வேலை செய்கிற பெண், அந்தப் புல்லை எடுத்துக் கொஞ்சம் உயரமாக்கி, கொஞ்சம் பழுப்படித்து விரித்திருக்கிறாள். மாற்ற வேண்டாம் என்று மூத்தவள் எழுதியிருக்கிறாள், அவளும் மாற்றவில்லை. ஒரு மனிதர் கால் போன இடத்தில் பூனைக்காகச் செய்த புல் துள்ளிக்கொண்டிருந்தது.

பாஸ் என்னைவிட ஒன்பது வயது இளையவர். அவருடைய அறைக்குப் போய் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன்.

"என்னாக்கா, அழகாத்தானே இருக்கு?"

"அதான் பிரச்சன. லோரி ஏறுன புல் இப்படி எழுமா?"

"அட்ஜஸ்டர் போன வாரமே பாத்துட்டாரு. ரொம்ப நீட்டா இருக்குன்னாரு." அட்ஜஸ்டர் என்பது இன்சூரன்ஸுக்காக விபத்தை விசாரித்து அறிக்கை எழுதுகிறவர். "அவருக்கே ஓகேன்னா உங்களுக்கு என்னாக்கா?"

"அவருக்கு ஏன் ஓகேன்னு தெரியுதா இல்லயா?"

பாஸ் நாற்காலியில் சாய்ந்தார். "நாம பொய் சொல்லல லா. தடம் பதினாலு மீட்டர், லோரி பதினாலு மீட்டர் ஓடுது. அளந்து பாக்கறவன் பாத்துக்கட்டும். புல்ல யாரு பாக்கறா?"

"எல்லாரும் புல்லத்தான் பாப்பாங்க. வேற எதப் பாப்பாங்க?"

"சரி, நிஜத்துல எவ்வளவு நேரம் ஆகும்? உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. இருபத்தோரு வருடமாகப் புல்லை வளைக்கிறேன், எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது; கேட்டிருக்க வேண்டியவள் நான்.

சனிக்கிழமை காலை கொமியூட்டர் ரயிலில் கிள்ளான் போய், அங்கிருந்து வாடகைக் கார் பிடித்து அந்தச் சாலையில் இறங்கினேன். பையில் கொண்டுபோனவை: ஐந்து மீட்டர் அளவு நாடா, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோணமானி, சிவப்பு நூல், நோட்டுப் புத்தகம், தண்ணீர், கையுறை.

கையுறை கொண்டுபோனது நல்லதாயிற்று. எங்கள் படத்தில் இருந்த சாலையோரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லாலாங் என்கிற முரட்டுப் புல் என் இடுப்பளவு நின்றது. அதற்குள் கோழி எலும்பு, பொட்டலத் தாள், குழந்தையின் அழுக்கு டயபர், மூடி திருகிய பிளாஸ்டிக் போத்தல்களில் மஞ்சளாக மூத்திரம். வண்டியை நிறுத்த நேரமில்லாதவர்கள் ஓடுகிற வண்டியிலிருந்தே எறிவது. இரண்டு மீட்டர் முப்பது அளப்பதற்குள் நான்கு போத்தல்களைத் தாண்ட வேண்டியிருந்தது. வெயிலில் அவை சூடாகியிருந்தன. இந்த அசிங்கத்துக்குள் நின்றுகொண்டுதான் அவர் தினமும் வேலை செய்திருக்கிறார். இதையும் நாங்கள் படத்தில் வைக்கவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு கூடாரக் கடை. லோரிக்காரர்கள் அங்கே நிறுத்திச் சாப்பிடுவார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓட்டுநர் ஒருவர் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே அவர் வண்டி, மேலே முழுக் கொள்கலன்.

"அண்ணே, ஒரு உதவி. உங்க லோரிய அந்தப் புல் மேல ஒரு தடவ ஏத்தி இறக்க முடியுமா?"

அவர் என்னையும் என் கையுறையையும் பார்த்தார். "என்னாத்துக்கு?"

"புல் எவ்வளவு நேரம் படுத்துக் கிடக்கும்னு அளக்கணும்."

"யுனிவர்சிட்டியா?"

"இல்லண்ணே. கார்ட்டூன்."

அவர் கடைக்கார அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஆன்டி, உங்க தண்ணியில என்னா கலக்கறீங்க? கார்ட்டூன்காரங்கல்லாம் வராங்க."

கடைக்கார அம்மா சிரிக்கவில்லை. "அந்த எடத்துலயா அளக்கற? புல்லு வெட்டுனவன லோரி அடிச்ச எடம்மா அது."

"தெரியும்க்கா. அதுக்குத்தான்."

ஓட்டுநர் அதற்குமேல் கேலி செய்யவில்லை. குவளையைக் காலி செய்துவிட்டு எழுந்தார். விபத்து நடந்த இடத்துக்கு மேல் ஏற்ற அவர் ஒப்பவில்லை. இருபது அடி தள்ளி ஏற்றுவதாகச் சொன்னார். இருபது லாலாங் புற்களில் சிவப்பு நூல் கட்டினேன். அவர் இடப்பக்கத்து இரட்டைச் சக்கரங்களை மெதுவாக இறக்கி, அவற்றின் மேல் ஓட்டி, மறுபடி தாரில் ஏறிப் போய்விட்டார். கையை மட்டும் சன்னலுக்கு வெளியே நீட்டி ஒருமுறை ஆட்டினார்.

நான் மண்டியிட்டு அளந்தேன். இருபத்திரண்டாவது விநாடியில், அதாவது எங்கள் வீடியோ முடிகிற நேரத்தில், இருபதில் ஒன்றுகூட எழவில்லை. ஒரு நிமிடத்தில் ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் மூன்று, தரையிலிருந்து இருபது பாகை அளவுக்குத் தூக்கின. இரண்டு மணி நேரம் கழித்து ஒன்பது பாதிவரை எழுந்திருந்தன, ஏழு படுத்தே கிடந்தன, நான்கு அடியிலேயே ஒடிந்திருந்தன. ஒடிந்த நான்கும் இனி எழப்போவதில்லை. கடையில் நின்று பார்த்தாலும் தெரிந்தது: இரண்டு தடங்கள், வெளிறிய பச்சையில்.

காத்திருந்த நேரத்தில் கடைக்கார அம்மாவிடம், அன்று இங்கே தடம் இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்துச்சு. ரோட்டுலேர்ந்து நேரா அவங்கிட்ட போயி நின்னுச்சு. யாரு பாத்தாலும் தெரியும்."

"யாராவது போட்டோ எடுத்தாங்களா?"

"போலீஸ் வந்து அளந்துட்டு, ரோட்ட மட்டும் படம் புடிச்சிட்டுப் போனான். மறுநாள் காலைல அவனோட ஆளுங்களே வந்து எல்லாத்தையும் வெட்டிட்டாங்க."

"அவரோட ஆளுங்களா?"

"கூட வேல செய்றவங்கதான். இந்த ரோட்ட வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சாகணும்னு கொன்ட்ராக்டு. மண்டோர் நின்னு பாத்துட்டு இருந்தான். தடம் எல்லாம் சேத்து வெட்டிப்புட்டு, மூட்டை கட்டி ஏத்திட்டுப் போனாங்க. ஒருத்தன் அழுதுகிட்டே வெட்டுனான்."

மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கிற கங்காணி. அவனுக்கு அந்தப் புல் மீதி வேலை. வெட்டி முடித்துக் கணக்கைத் தீர்த்துவிட்டான். அதனால்தான் பிறகு எடுத்து எங்களுக்கு அனுப்பிய போட்டோக்களில் வெறும் மொட்டைத் தரை இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இனி உலகத்தில் அந்தத் தடம் இரண்டு இடங்களில்தான் உண்டு: போலீஸ் வரைபடத்தில் ஒரு கோடாக, எங்கள் வீடியோவில், இல்லாமல்.

"இப்ப எங்க இருக்காரு?"

"கம்போங் மேடான் ஃப்ளாட்ல. அஞ்சாவது மாடி. லிஃப்ட்டு பாதி நாளு வேல செய்யாது. பொண்டாட்டி போன மாசம் வந்து அவன் குடை இங்க இருக்கான்னு கேட்டுச்சு. பாதித் தப்பு அவன்மேலன்னு சொல்றாங்களாம். பாதின்னா என்னா, அவன் பாதி ரோட்டுலயா நின்னான்?"

திங்கட்கிழமை அந்தக் கட்டத்தில் 0.8ஐ அழித்து, என் அளவுகளைப் போட்டு இரண்டாவது படம் செய்தேன். ஒடிந்தவற்றுக்குத் தனிக் கணக்கு வைத்தேன். லோரி போன பின்னால் இரண்டு தடங்கள் கிடந்தன. அவை தாரிலிருந்து புறப்பட்டு, நேராகப் போய், சாம்பல் பொம்மையிடம் முடிந்தன. வேறு எதையும் நான் மாற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை அட்ஜஸ்டர் வந்தார். மடிப்புக் கலையாத நீலச் சட்டை, நல்ல வாசனை. பாஸ் அவருக்கு இரண்டு படங்களையும் ஓட்டினார். முதல் படத்துக்குத் தலையாட்டியவர், இரண்டாவதுக்கு மூக்கைச் சுருக்கினார்.

"இது என்னா மேடம், பாக்கவே அசிங்கமா இருக்கு. புல் செத்துக் கிடக்கற மாதிரி."

"லோரி ஏறுனா அப்படித்தான் கிடக்கும் சார். அளந்து பாத்தேன்."

"அளந்தீங்களா? யாரு அளக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

அவர் பாஸைப் பார்த்தார். பாஸ் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. சாப்பாட்டில் முடி கிடந்தால் சமைத்தவளைப் பார்க்கும் பார்வை.

"மேடம், முதல் படமே போதும்" என்றார் அட்ஜஸ்டர். "அதுல ஒரு தப்பும் இல்ல. லோரி போன தூரம் சரி, வேகம் சரி. புல்லுங்கறது சும்மா அலங்காரம். ஷீட்டு மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

ஷீட் என்பது படத்தோடு போகும் ஒரு தாள். படத்தில் எந்தெந்த அளவு எங்கிருந்து எடுத்தது என்று வரிசையாக எழுதி, செய்தவர் கையெழுத்திட வேண்டும். அது இல்லாமல் வக்கீல்கள் படத்தை மேசையில் வைக்க மாட்டார்கள். அனுபவம் கூட என்பதால் அதில் எப்போதும் கையெழுத்துப் போடுகிறவள் நான். தாள் தயாராகவே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

அவர் விரலால் வரி வரியாக இறங்கினார். லோரியின் நீளம், லோரி கம்பெனியின் தாளிலிருந்து. தடத்தின் நீளம், போலீஸ் வரைபடத்திலிருந்து. ஒன்பதாவது வரியில் விரல் நின்றது. அதை வாய்விட்டுப் படித்தார்.

"சக்கரம் போன பின் புல் நிமிரும் நேரம்: பூஜ்யம் புள்ளி எட்டு விநாடி. இது அளக்கப்பட்டதல்ல. சிறுவர் கார்ட்டூனில் பூனை உருளும் காட்சிக்காக அமைக்கப்பட்டது." தலையை நிமிர்த்தினார். "மேடம், வெளாடறீங்களா?"

"இல்ல சார். அந்த எண் அங்கேர்ந்துதான் வந்துச்சு."

"இந்த வரிய எடுத்துருங்க."

"எண் படத்துல இருக்கே. படத்துல இருக்கற எண் ஷீட்ல இருந்தாகணும்."

"அக்கா," என்றார் பாஸ், மெதுவாக, "ஒரு வரிதானே."

"ஒரு வரிதான். முதல் படம் வேணும்னா இந்த ஷீட். ரெண்டாவது படம் வேணும்னா ரெண்டாவது ஷீட் இருக்கு, அதுல நான் அளந்தது எழுதியிருக்கு. எது வேணும்னாலும் இப்பவே கையெழுத்துப் போடறேன்."

பேனாவைத் திறந்து கையில் வைத்திருந்தேன். அவர் பாஸிடம், "நீங்க போடுங்களேன் பாஸ்" என்றார். பாஸ் தாளை எடுத்து ஒன்பதாவது வரியை மறுபடி படித்தார். அதை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால், நாளை யாராவது புல்லைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். தாளை மேசையில் திரும்ப வைத்தார். மனசாட்சி என்று நான் நினைக்கவில்லை. பயம்தான்; அதுவும் வேலை செய்தது.

அட்ஜஸ்டர் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்ப் பதினொரு நிமிடம் பேசினார். திரும்பி வந்து பையை எடுத்தார். "வீடியோவே வேணாமாம். இதுக்குப் போயி இவ்வளவு நாளு..." என்றவர் என்னைப் பார்த்து, "புல்லு மேல உங்களுக்கு ரொம்பப் பாசம் மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அறையில் அவர் வாசனை மதியம்வரை நின்றது. சன்னலைத் திறந்துவைத்தேன்.

நல்லது செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சரியான படம் ஒன்று என் கணினியில் இருந்தது. அந்த மனிதரின் வக்கீல் அதைப் பார்க்கப்போவதில்லை. அது இன்சூரன்ஸின் சொத்து, வெளியே கொடுக்க எங்களுக்கு உரிமையில்லை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான் தடுத்தது நானே செய்த ஒரு பொய்யை மட்டும். அதுவும் ஆறு முறை பார்த்து, பாராட்டி எழுதி, அனுப்பிய பிறகு.

ஐந்து வாரம் கழித்து பாஸ் என் மேசைக்கு வந்தார். பழையபடி சிரித்துப் பேசத் தொடங்கியிருந்தார்.

"அக்கா, அந்தக் கிள்ளான் கேஸ் முடிஞ்சிருச்சு. பாதித் தப்பு அவன்மேலன்னு இன்சூரன்ஸ்காரங்க கேட்டாங்க, நடக்கல. பத்துல ரெண்டு அவன்மேல போட்டு முடிச்சிட்டாங்க."

"ரெண்டு எதுக்கு?"

"ரோட்டுக்கு முதுகக் காட்டி நின்னானாம்."

"புல் வெட்றவங்க வேற எப்படி நிப்பாங்க? முன்னாடி பாத்துத்தானே வெட்டணும்."

"எனக்கென்னாக்கா தெரியும்? ஒண்ணுமே போடலன்னா லோரி சைடுக்கு மூஞ்சி இருக்காதுல்ல. பேசி முடிக்கறதுன்னா அப்படித்தான் லா."

தடத்தின் பதினான்கு மீட்டரில், அவர்மேல் போட்ட அந்த இரண்டு பங்கு எங்கிருந்து எங்குவரை என்று அவரிடம் கேட்டேன். பாஸ் சிரித்துவிட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை, தெரிந்தால் எழுதிவைத்துக்கொள்ளலாம் என்றுதான் கேட்டேன் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.